லேப்டாப் கிராபிக்ஸ் கார்டின் வாட்டைக் குறைக்க: விபயாஸ் ஃப்ளாஷா, அண்டர்வோல்ட்டா, க்ளாக்கைப் பூட்டுவதா?

ஒரே "ஆர்டிஎக்ஸ் 3060" என்ற பெயரில் 60 வாட் லேப்டாப்பும் உண்டு, 115 வாட் லேப்டாப்பும் உண்டு. அந்த வரம்பு எழுதியிருக்கும் இடங்களில் முக்கியமானது கார்டின் ஃபர்ம்வேரான விபயாஸ். "குறைந்த வாட் விபயாஸை ஏற்றிவிட்டால் சூடும் சத்தமும் போய்விடுமே" என்ற யோசனை இங்கிருந்துதான் கிளம்புகிறது. தவறான யோசனை இல்லை. ஆனால் 2016ல் வந்த பாஸ்கல் தலைமுறை முதலான என்விடியா கார்டுகளில் இதே பலனை ஃப்ளாஷ் செய்யாமலே (ஃபர்ம்வேரை அழித்து வேறொன்றை எழுதாமலே), இன்னும் நன்றாகவே எடுக்கலாம். அதற்கு முந்தைய தலைமுறைகளான மேக்ஸ்வெல், கெப்ளர் கார்டுகளுக்கு மட்டும் கணக்கு வேறு.

எதை ஒப்பிடுகிறோம் என்பது முதலில் தெளிவாகட்டும். சிப் இயங்கும்போது குடிக்கும் மின்சாரம் க்ளாக்குக்கு (சிப் ஓடும் வேகம், மெகாஹெர்ட்ஸில்) நேர்விகிதத்திலும், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். அண்டர்வோல்ட் என்பது க்ளாக்கைத் தொடாமல் வோல்ட்டேஜை மட்டும் குறைப்பது: 900 மில்லிவோல்ட்டை 800 ஆக்கினால், 0.8/0.9 என்பதன் வர்க்கம் 0.79, அதாவது சிப்பின் இயக்கச் செலவில் ஏறக்குறைய 21 சதவீதம் மிச்சம். மெமரியும் மின்சுற்றும் குடிப்பது அப்படியே இருப்பதால் மொத்தத்தில் மிச்சம் இதைவிடக் குறையும். வாட் வரம்பை மட்டும் இறக்கினால் நடப்பது வேறு: கார்டு தன் பழைய வோல்ட்டேஜ் அட்டவணையிலேயே கீழே இறங்கி, மெதுவாக ஓடும். சூடு குறையும், கூடவே வேகமும் குறையும். பாஸ்கல் முதலான கார்டில் விபயாஸ் ஃப்ளாஷ் தரக்கூடியது இந்த இரண்டாம் வகைதான்.

ஃப்ளாஷ் உண்மையிலேயே பொருந்தும் இடத்தை முதலில் பார்ப்போம். ஜிடிஎக்ஸ் 900எம் வரிசையின் மேக்ஸ்வெல் கார்டுகளில் விபயாஸைத் திருத்த முடியும். 'மேக்ஸ்வெல் பயாஸ் ட்வீக்கர்' என்ற மென்பொருளில் விபயாஸ் கோப்பைத் திறந்தால் வோல்ட்டேஜ், பூஸ்ட், பவர் என்று தனித்தனி அட்டவணைகள் தெரியும். பவர் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் குறைந்தபட்சம், இயல்பு, அதிகபட்சம் என மூன்று எண்கள், எல்லாம் மில்லிவாட்டில். 80 வாட் என்பது 80000. ஒரு அட்டவணை, ஒரு மாற்றம், ஒரு சோதனை என்று போவதே நல்லது. மூன்று அட்டவணைகளையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு கார்டு முரண்டு பிடித்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஃப்ளாஷ் செய்யும் வரிசை இது. சார்ஜரைச் செருகுங்கள். விபயாஸைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவியான என்விஃப்ளாஷில் 'சேவ்' கட்டளையால் இப்போதைய விபயாஸை இருமுறை படித்து, இரண்டு கோப்புகளின் ஹாஷும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்றா என்று பாருங்கள். ஒரு நகலை பென் டிரைவில் வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் என்விடியா கார்டை டிசேபிள் செய்யுங்கள். 'ப்ரொடெக்ட் ஆஃப்' கொடுத்து எழுத்துத் தடையை நீக்கி, திருத்திய கோப்பை எழுதுங்கள். ரீஸ்டார்ட் செய்து கார்டை மறுபடி எனேபிள் செய்யுங்கள்.

இந்த வரிசை பாதியிலேயே நின்றுபோகப் பொதுவான காரணம் ஒன்று உண்டு: "ஈப்ராம் (விபயாஸைச் சேமிக்கும் சிப்) கிடைக்கவில்லை" என்ற பிழை. பல ஆப்டிமஸ் லேப்டாப்களில் (உள் கிராபிக்ஸும் என்விடியா கார்டும் சேர்ந்தவை) விபயாஸுக்கெனத் தனிச் சிப்பே கிடையாது. அது லேப்டாப்பின் யுஇஎஃப்ஐ பயாஸுக்குள் பொதிந்திருக்கும். அப்போது திருத்த வேண்டியது முழு சிஸ்டம் பயாஸ். அதில் பிசகினால் போவது கிராபிக்ஸ் மட்டுமல்ல, லேப்டாப்பே. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியையும் கேட்கும். வாட் குறைப்பதற்காக இந்த வேலையில் இறங்குவது கொசுவை அடிக்க உலக்கையைத் தூக்குவது போல.

தனிச் சிப் இருந்து ஃப்ளாஷ் கெட்டுப்போனால், ஆப்டிமஸ் லேப்டாப் பெரும்பாலும் இன்டெல் கிராபிக்ஸில் எழுந்துவிடும். கார்டு டிவைஸ் மேனேஜரில் 'கோட் 43' பிழை காட்டும், பழைய நகலைத் திரும்ப எழுதலாம். உள் கிராபிக்ஸ் இல்லாத எம்எக்ஸ்எம் (கழற்றி மாட்டும் கார்டு உள்ள) லேப்டாப் என்றால் திரை கருப்புதான். பிறகு சிப்பில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ ப்ரோக்ராமர் கருவியும் எட்டுக்கால் கிளிப்பும் வேண்டும். இங்கே அவசரப்படுபவர்கள் சிப்பைக் கருக்குவது வோல்ட்டேஜில்: புது லேப்டாப்களில் ஃப்ளாஷ் சிப் பெரும்பாலும் 1.8 வோல்ட், அந்த மலிவு ப்ரோக்ராமர் தருவதோ 3.3 வோல்ட் அல்லது அதற்கும் மேல். 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் கிளிப்பை மாட்டக் கூடாது. சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணை லென்ஸ் வைத்துப் படித்து, அதன் டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். படித்த கோப்பு முழுக்க 'எஃப்எஃப்' என்று வந்தால் பெரும்பாலும் கிளிப் சரியாக உட்காரவில்லை. அந்த நிலையில் எழுதுவதை நினைக்கவே வேண்டாம்.

பாஸ்கல் முதல் என்விடியா விபயாஸில் டிஜிட்டல் கையொப்பம் வந்தது. ஒரு பைட்டைத் திருத்தினாலும் என்விஃப்ளாஷ் ஏற்காது. மிச்சமிருப்பது வேறொரு லேப்டாப்பின் கையொப்பமிட்ட விபயாஸை அப்படியே இறக்குமதி செய்வது. 2023ல் வெளிவந்த மாற்றுக் கருவிகள் ட்யூரிங் (ஆர்டிஎக்ஸ் 20 வரிசை) வரை போர்டு அடையாளச் சோதனையைத் தாண்டவைத்தன; கையொப்பம் மட்டும் அப்போதும் தேவை. அடுத்தவர் சட்டை நமக்கு அளவாக இருக்க வேண்டுமே! மெமரி சாம்சங்கா, மைக்ரானா, ஹைனிக்ஸா என்பதற்கேற்ற டைமிங் விபயாஸுக்குள் இருக்கிறது. உங்கள் கார்டின் மெமரிக்கு அதில் இடமில்லை என்றால் திரையில் புள்ளிகளும் கட்டங்களும் வரும். எந்த எச்டிஎம்ஐ, எந்த டிஸ்ப்ளேபோர்ட் எந்தக் கம்பியில் வருகிறது என்ற அட்டவணையும் அதற்குள்ளேயே இருப்பதால், வெளித்திரை ஒன்று செத்துப்போவதும் நடக்கும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது குறைந்த வாட் வரம்பு மட்டும்.

இப்போது அண்டர்வோல்ட். கார்டின் அமைப்பை மாற்றும் மென்பொருளான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல்-எஃப் அழுத்தினால் எந்த வோல்ட்டேஜில் எந்த க்ளாக் என்று காட்டும் வோல்ட்டேஜ்–க்ளாக் கர்வ் (வளைகோடு) திறக்கும். 800 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து, 3060 போன்ற கார்டில் தொடக்கத்துக்கு 1600 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோங்கள். அதற்கு வலப்புறம் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அதே உயரத்துக்கோ கீழேயோ இறக்கி, அப்ளை கொடுத்தால் கோடு தட்டையாகும். அந்தத் தட்டைக் கோடுதான் முக்கியம். அதை விட்டுவிட்டால் கார்டு மிச்சமான வாட்டை இன்னும் கூடுதல் க்ளாக்குக்குச் செலவழித்து, அதே பழைய வரம்பில் போய் நிற்கும். "அண்டர்வோல்ட் செய்தும் வாட் குறையவில்லை" என்ற புலம்பல் பெரும்பாலும் இதனால்தான்.

கர்வ் சூட்டுக்கேற்ப ஓரிரு படி நகரும். ஒரு படி 15 மெகாஹெர்ட்ஸ். குளிர்ந்த கார்டில் வைத்த 1600 சூடான பின் 1585 ஆகத் தெரிந்தால் பதற வேண்டாம். 'எல்' விசையால் புள்ளியைப் பூட்டும் வசதி சோதனைக்கு மட்டும். அப்படியே விட்டால் சும்மா இருக்கும்போதும் கார்டு அதே வோல்ட்டேஜில் நிற்கும், மிச்சம் பிடிக்கப் போய் வீணடிப்பதாகிவிடும். வோல்ட்டேஜ் போதாமல் போனால் கேம் திடீரென மூடும், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'என்விஎல்டிடிஎம்கேஎம்' (என்விடியா ட்ரைவர்) பிழை விழும். 15 மெகாஹெர்ட்ஸ் இறக்கிப் பாருங்கள். ரே ட்ரேசிங் உள்ள கேமில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகே 'ஸ்டார்ட்அப்' பொத்தானை அழுத்துங்கள். இல்லையென்றால் லேப்டாப் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கோளாறான அமைப்பு தானாக ஏறும். எது தவறினாலும் ஒரு ரீசெட் போதும், ப்ரோக்ராமர் தேவையில்லை. 2019ல் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பின் அண்டர்வோல்ட்டையே பூட்டிவிட்டார்கள் என்று சிலர் சொல்வது இன்டெல் பிராசஸருக்கு. என்விடியா கார்டுக்கு அது பொருந்தாது.

சோதனைக்கே பொறுமை இல்லாதவர்களுக்கு க்ளாக் பூட்டு. பாஸ்கலுக்குப் பிந்தைய கார்டுகளில், அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில், ட்ரைவரோடு வரும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளைக்கு 'எல்ஜிசி' சுவிட்சுடன் 210,1500 என்று கொடுத்தால் க்ளாக் 1500ஐத் தாண்டாது. 'ஆர்ஜிசி' கொடுத்தால் பழையபடி. வோல்ட்டேஜ் கம்பெனி கர்விலேயே இருப்பதால் இதனால் கிராஷ் ஆக வாய்ப்பு மிகக் குறைவு. கர்வின் உச்சியில் கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் வோல்ட்டேஜ் எக்கச்சக்கமாக ஏறும் என்பதால், இழக்கும் வேகத்தைவிடச் சேமிக்கும் வாட் விகிதத்தில் பெரியது. ரீஸ்டார்ட் செய்தால் மறைந்துவிடும். டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு வையுங்கள். லினக்ஸில் கர்வ் எடிட்டர் இல்லாத குறைக்கும் இதுவே வழி: கூல்பிட்ஸ் என்ற ட்ரைவர் அமைப்பைத் திறந்து க்ளாக் ஆஃப்செட்டில் (கர்வ் முழுவதற்கும் கூட்டும் மெகாஹெர்ட்ஸ்) 100 கூட்டி, மேலே 1500ல் பூட்டுங்கள். முன்பு 1400க்குப் போதுமாயிருந்த வோல்ட்டேஜில் இப்போது 1500 ஓடும். அண்டர்வோல்ட் என்பதும் அதுதானே. ஆனால் ஆஃப்செட் கூட்டியதும் சோதனையும் கட்டாயம். அதே கருவியின் 'பிஎல்' சுவிட்சில் வாட்டை நேராக இறக்கலாமே என்றால், லேப்டாப்களில் பெரும்பாலும் "ஆதரவில்லை" என்றே பதில் வரும்.

ஏஎம்டி கார்டில் வேகா தலைமுறை முதல் இதே கையொப்பச் சுவர். அட்ரினலின் மென்பொருளின் ட்யூனிங் பக்கம் திறந்திருந்தால் அங்கே அதிகபட்சக் க்ளாக்கைக் குறையுங்கள்.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்பதற்காக ஃப்ளாஷைத் தேடி வந்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவுமே மருந்தல்ல. அங்கே பிரச்சினை, கேம் ஓடாதபோதும் கார்டு தூங்காமல் விழித்திருப்பது. லினக்ஸில் கார்டின் 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' கோப்பில் 'சஸ்பெண்டட்' என்று வருகிறதா என்று பாருங்கள்; விண்டோஸில் டாஸ்க்பாரில் ஜிபியு ஆக்டிவிட்டி ஐகானைப் போட்டு எந்த ப்ரோக்ராம் பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். வினாடிக்கொருமுறை சூட்டைக் கேட்டுக் கார்டை எழுப்பிக்கொண்டே இருப்பது சில நேரம் ஆஃப்டர்பர்னராகவே இருக்கும்.