பெனல் அடித்தால் மழைச் சத்தம் நிற்குமா?

நிற்காது. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கச் சுவரில் மாட்டும் பெனலைச் சொல்கிறேன். கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. போன கிழமை பண்டாரவளை நண்பனும் அதையேதான் கேட்டான்: "மச்சான், நீ அடிச்ச மாதிரி ஆறு பெனல் நானும் அடிச்சா தகரத்துல விழுற மழை உள்ள கேக்காதுதானே?" அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லியாயிற்று. ஆனால் அந்த ஒரு வரி பெனல்களுக்கும், பாட்டுச் சாமான் அடுக்க நான் செய்த ரேக்குக்கும் நியாயம் செய்யாது என்பதால் முழுதாக எழுதுகிறேன். தென்மேற்குப் பருவமழை தலைக்கு மேல் கொட்டும் நேரத்தில் எழுதுவதால் கொஞ்சம் கடுப்பும் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம். அறை 12க்கு 10 அடி, சிமெண்டுத் தரை, பூசிய சுவர், மேலே தகரம், சீலிங் இல்லை. பழைய ஜப்பான் அம்ப்ளிஃபயர், கசட் டெக், டியூனர், ஒரு டர்ன்டேபிள், இரண்டு ஸ்பீக்கர். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் ரேக்கையும் பெனலையும் விலை கேட்பதைக்கூட விட்டுவிட்டேன். கையால் செய்யத் தொடங்கியது அதனால்தான். கலை ஆர்வம் எல்லாம் அப்புறம் வந்தது.

முதலில் ரேக். அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நாலு மூலைக்கும் நாலு 12 மில்லிமீற்றர் த்ரெட் பார் (நீளம் முழுக்கப் புரி வெட்டிய இரும்புக் கம்பி), நாலு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் மேலும் கீழும் வொஷரும் நட்டும். அவ்வளவுதான் முழு வடிவமைப்பும். ஆணி இல்லை, பசை இல்லை. தட்டின் உயரம் பிடிக்கவில்லையென்றால் நட்டைத் திருகி ஏற்றி இறக்கலாம். தரை கோணலாக இருந்தாலும் கீழ் நட்டைத் திருகி மட்டம் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் எந்தத் தரை நேராக இருக்கிறது? டர்ன்டேபிளுக்கு இந்த ஒரு வசதியே போதும். பலகைக்குத் தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கிற சவுக்கு (கிரெவிலியா) மரம். மரக்காலையில் ஒன்றரை அங்குலத்துக்கு அறுத்து வாங்கி, அடுப்படி மூலையில் அடுக்கி வைத்து நன்றாகக் காயவிட்ட பிறகே துளை போட்டேன். காயாத பலகை இந்த ஊர் ஈரத்தில் ஒரே வருடத்தில் ஓடம் மாதிரி வளைந்துவிடும். இரண்டு பக்கமும் வெனிஷ் அடிக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் அடித்தால் கீழ்ப்பக்கம் ஈரத்தை உறிஞ்சும், அப்போதும் வளையும்.

அளவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஸ்டூடியோ சாமான்களுக்கான 19 அங்குல ரேக் வேறு. அதில் ஒவ்வொரு கருவியின் உயரமும் 44.45 மில்லிமீற்றரின் மடங்காக இருக்கும், முன்பக்கத்தைத் திருகாணியால் பூட்டுவார்கள். வீட்டு அம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் 430 மில்லிமீற்றர் அகலம். தட்டை 500 எடுத்தால் பக்கத்தில் காற்றுக்கும் இடம் கிடைக்கும். அம்ப்ளிஃபயருக்கு மேலே ஒரு சாண் வெளி விடுங்கள். கசட் டெக்கை அதன் தலையில் தூக்கி வைக்காதீர்கள். குளிரான ஊர்தானே, சூடாகாது என்று இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். அடைத்து வைத்தால் எந்த ஊரிலும் சூடாகும்.

ரேக்கில் ஒரே பிரச்சினை துரு. துத்தநாகம் பூசிய த்ரெட் பார் என்று கடையில் கொடுத்தார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் புரியெல்லாம் செம்பட்டை பிடித்து, நட்டைத் திருப்பினால் கை முழுக்கத் தூள். காசு இருந்தால் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், இல்லையென்றால் வருடா வருடம் கிரீஸ் பூசுங்கள்.

சரி, பெனல்.

செய்முறை கடினமில்லை. 4 அடிக்கு 2 அடி, 50 மில்லிமீற்றர் ரொக்வூல் (கல் நூல் பஞ்சு) தகடு, ஒரு பெனலுக்கு இரண்டு அடுக்கு. நாலு அங்குலப் பலகையில் சட்டம், மேலே துணி, பின்னால் கம்பி போட்டுச் சுவரில் தொங்கவிடுவது. ரொக்வூல் அறுக்கும்போது கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் அன்றிரவு சொறிந்துகொண்டே விடியும். முட்டைத் தட்டை ஒட்டலாமே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெல்லிய அட்டை அது. உயர்ந்த சுரங்களை லேசாகச் சிதறடிக்கும், பேஸை ஒன்றும் செய்யாது, ஒரு தீக்குச்சி பட்டால் அறை முழுக்கப் பற்றும்.

துணி தெரிவு செய்ய ஒரு சோதனை போதும். வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் மறுபக்கம் போனால் ஒலியும் போய் ரொக்வூலில் மாட்டும். அந்தக் கணக்கில் கோணிச் சாக்கை மிஞ்ச ஒன்றுமில்லை. பார்க்கவும் அழகு, மலைநாட்டு வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது. ஆனால் இந்த மலையின் மூடுபனிக்கு அதைக் கொடுத்தால் ஆடி மாதத்தில் பூஞ்சணம் பூத்துவிடுகிறது. ரொக்வூல் கல்லை உருக்கி நூலாக்கியது, அதில் பூஞ்சணத்துக்குத் தீனி இல்லை. சாக்கில் இருக்கிறது, மேலே படியும் தூசியிலும் இருக்கிறது. எல்லாச் சாக்கையும் கழற்றி மெல்லிய பொலியெஸ்டர் திரைத்துணி போட்ட பிறகு நிம்மதி. பெனலைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுவதும் இதற்காகத்தான். குளிர்ந்த சுவரில் ஈரம் வியர்க்கும், பின்னால் காற்று ஓட வேண்டும். அந்த இடைவெளியால் ஒலிக்கும் லாபம்: சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள்கள் அசைவதே இல்லை, தள்ளி வரவர அசைவு கூடும், அசையும் காற்றைத்தான் ரொக்வூல் பிடிக்க முடியும்.

எங்கே மாட்டுவது என்பதற்குக் கண்ணாடி போதும். கேட்கிற இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அந்த இடத்தில் பெனல். எங்கள் வீட்டில் கண்ணாடி பிடித்தது தங்கச்சி. முணுமுணுத்துக்கொண்டே பிடித்தாள்.

பலன் என்ன? கணக்குப் போட்டுச் சொல்கிறேன். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபம் கட்டினார்கள். பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. எழுந்த சத்தம் ஐந்து வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. வாலஸ் சபின் என்ற இளம் பௌதிகவியலாளரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து பரப்பி, ஓர் ஓர்கன் குழாயையும் ஒரு நிறுத்தக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு அளந்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றுவரை எல்லாரும் போடும் கணக்கு: எதிரொலி அடங்க எத்தனை வினாடி என்று அறிய, அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். என் அறை ஏறக்குறைய 30 கன மீற்றர். வெறும் சிமெண்டு, ஒரு கட்டில், இரண்டு திரை என்று உறிஞ்சும் பரப்பு 4 சதுர மீற்றர் வைத்தால் 1.2 வினாடி. ஆறு பெனலும் சேர்ந்து இன்னொரு 4 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். இப்போது 0.6 வினாடிக்கும் கீழே. முன்பு கை தட்டினால் இரண்டு சுவருக்கும் நடுவே கிணிகிணி என்று ஓடும். இப்போது தட்டிய சத்தம் தட்டிய இடத்தோடு சரி.

பேஸ் குமுறல் மட்டும் போகவில்லை. 12 அடி நீளத்தில் 46, 10 அடி அகலத்தில் 56 ஹேர்ட்ஸ் பக்கத்தில் அலை நின்றுகொள்கிறது. அந்த அலையின் நீளம் ஆறேழு மீற்றர். நாலு அங்குலப் பெனல் அதை என்ன செய்துவிடும்? மூலையில் இரண்டை நிறுத்தியதில் கொஞ்சம் தேவலை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் பாட்டில் வரவில்லை, அப்பா மூலமாக வந்தது. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பக்கத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். மாலைச் செய்தியை உச்ச சத்தத்தில் வைப்பார், அப்படியும் "என்னா சொன்னான்?" என்று அடுத்த வரியை விடுவார். பெனல் மாட்டிய பிறகு ஒரு நாள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைக்க! "இப்பதான் தம்பி இந்த ரேடியோ ஒழுங்கா பேசுது" என்றார். காரணம் எளிது. பேச்சில் உயிரொலிகளுக்குத்தான் பலம் அதிகம். க், ச், த், ப் எல்லாம் வலுவில்லாத சின்ன ஓசைகள், சொல்லின் பொருள் நிற்பதோ அவற்றில். எதிரொலிக்கும் அறையில் முந்திய உயிரொலியின் வால் அடுத்த மெய்யை மூடிவிடும். நல்ல காது எப்படியோ ஊகித்துக்கொள்கிறது. இயந்திரச் சத்தத்தில் வருடக்கணக்காக நின்ற காதுக்கு அந்தத் தெம்பு இல்லை. சத்தத்தைக் கூட்டினால் வாலும் கூடும், புரிதல் கூடாது. இதற்காகவே பெனல் செய்யலாம். கச்சேரி கேட்க வேண்டாம், வீட்டில் காது மந்தமான பெரியவர் ஒருவர் இருந்தால் அதுவே போதுமான காரணம்.

இத்தனை புகழ்ந்த பிறகு வானம் திறந்துகொள்கிறது. அம்ப்ளிஃபயரை அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கைப்பேசிச் செயலி 70 டெசிபெலுக்கு மேல் காட்டுகிறது. சாதாரணப் பேச்சு 60.

ஏன் நிற்காது என்பதற்கு அந்த ஊதிப் பார்க்கும் சோதனையே பதில். காற்று போகிற பொருள் ஒலியைத் தடுக்காது, உள்ளே சுற்றும் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத்தான் அதனால் முடியும். மழை வெளியிலிருந்து சுவர் வழியாக வருவதும் இல்லை. துளி விழுந்து தகரம் அதிர்கிறது, தலைக்கு மேல் தகரமே ஸ்பீக்கர். நியாயமாகச் சொன்னால், உறிஞ்சும் பரப்பு இரட்டித்ததால் உள்ளே 3 டெசிபெல் குறைய வேண்டும், குறைந்தும் இருக்கிறது. 3 டெசிபெல் என்பது கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு. யாருக்கு அதில் திருப்தி?

இது தெரியாமல் கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கொழும்பில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் ஒரு கடையில், ஒரு அங்குலப் பஞ்சைக் காட்டி "முழு சவுண்ட்ப்ரூஃப், ரோட்டுச் சத்தமே வராது" என்று என்னிடமே சொன்னார்கள். ஊதிக் காட்டினேன். விலையைக் குறைத்தார்கள்! கூரைக்குக் கீழே போடும் வெள்ளித் தாள் ஒட்டிய மெல்லிய ஃபோமும் அப்படித்தான். வெயில் சூட்டுக்கு நல்லது, மழைக்குப் பெயரளவுக்குத்தான்.

மழைக்கு வேண்டியது எடை. ஜிப்சம் போர்ட் இரண்டு அடுக்கு, அதற்கு மேல் ரொக்வூல், இந்தச் சீலிங் கூரை மரத்தோடு இறுக்கமாக ஒட்டாமல் ரப்பர் வைத்த கொக்கியில் தொங்க வேண்டும், ஓரமெல்லாம் இடைவெளியின்றி அடைபட வேண்டும். அரை அங்குல ஜிப்சம் சதுர மீற்றருக்கு 8, 9 கிலோ. எங்கள் பழைய கூரைச் சட்டம் இரண்டு அடுக்கைத் தாங்குமா என்று தச்சு வேலை பாஸ் வந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். கூரை மரத்தையே மாற்ற வேண்டுமாம். அதற்கு நான் ரேக்கில் இருக்கும் அத்தனையையும் விற்க வேண்டும்.

நண்பனே, உன் கதை வேறு. பண்டாரவளையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். ஆனி, ஆடியில் நாங்கள் நனையும்போது நீங்கள் காய்கிறீர்கள். நீ பெனல் செய், வருடத்தில் பாதிக்கு மேல் பயன் எடுப்பாய். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இருப்பவர்கள், ஹட்டனில் தகரத்துக்குக் கீழே இருப்பவர்கள், என்னைக் கேட்டால் செய்யாதீர்கள். அந்தக் காசைச் சீலிங்குக்குச் சேருங்கள். அந்த மழைக்குக் கீழே சீலிங் இல்லாமல் பெனல் அடிப்பது வீண் வேலை.

இப்படிச் சொல்லிவிட்டு நான் மட்டும் பின் சுவருக்கு இன்னும் இரண்டு அடிக்கப்போகிறேன். பலகை அறுத்து வந்துவிட்டது, ரொக்வூலில் நாலு தகடு மிச்சம் இருக்கிறது, துணிதான் வாங்க வேண்டும். ஹட்டனில் மீற்றர் என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.