பட்டாவா, சுயாட்சியா: பிலிப்பைன்ஸ் பூர்வகுடிகள் முன் இரண்டு வழிகள்

பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்புச் சட்டம் இரண்டு சுயாட்சிப் பிரதேசங்களுக்கு இடம் வைத்தது. தெற்கே முஸ்லிம் மிண்டனாவோவுக்கு ஒன்று, வடக்கே கார்டிலேரா மலைநாட்டுக்கு ஒன்று. தெற்கில் அது அமைந்தது, கலைந்தது, வேறு பெயரில் மறுபடி அமைந்தது. வடக்கில் இரண்டு முறை மக்களிடம் கேட்டார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்று பதில் வந்தது. நிலம் என்று வந்தால் இந்தக் கதை தலைகீழாகிறது. சுயாட்சி இல்லாத வடக்கில் முன்னோர் நிலத்துக்கான பட்டாக்கள் இருக்கின்றன. சுயாட்சி உள்ள தெற்கில், மோரோ (தெற்கின் முஸ்லிம் மக்கள்) அல்லாத தெடுராய் மக்கள் பல ஆண்டுகளாக மனுவோடு அலைகிறார்கள்.

ஆயுதமும் இல்லாமல், ஆள்பலமும் இல்லாமல் இருக்கிற ஒரு பூர்வகுடிக் குழுவுக்கு இவற்றில் எது மேல்?

பட்டா வழி பழையது. கார்டிலேராவில் பாகியோ பகுதியைச் சேர்ந்த இபலோய் இனத்தவர் மத்தேயோ கரிஞோ. தலைமுறைகளாக அனுபவித்துவந்த சுமார் 146 ஹெக்டேருக்கு அவரிடம் ஸ்பானியர் காலத்துக் காகிதம் எதுவும் கிடையாது. அதனால் அது அரசு நிலம் என்றார்கள். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் ஆட்சியில் இருந்ததால், வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1909-ல் நீதிபதி ஹோம்ஸ் தந்த தீர்ப்பின் சாரம்: நினைவு எட்டும் காலம் தொட்டு ஒருவர் தமதென்று வைத்திருந்த நிலம், ஒருபோதும் அரசு நிலமாக இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும். தீர்ப்பு என்னவோ அருமைதான். ஆனால் காடும் மலையும் அரசருக்கே சொந்தம் என்ற ஸ்பானியக் கோட்பாடும் சட்டத்தில் அப்படியே தங்கிவிட்டது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும் பகையாளிகள் மாதிரி.

1997-ல் அதிபர் ஃபிடல் ராமோஸ் கையெழுத்திட்ட பூர்வகுடிகள் உரிமைச் சட்டம் அந்த 1909 தீர்ப்பின் பேரப்பிள்ளை. முன்னோர் நிலத்தை அளந்து, குழுவின் பேரில் உரிமைப் பத்திரம் தர ஒரு தேசிய ஆணையத்தை அது நிறுவியது. பட்டா என்று நான் சொல்வது ஒரு வசதிக்குத்தான். நம்மூர்ப் பட்டாபோல இதில் ஆள் பெயர் இருக்காது. குழு முழுவதற்கும், இனி பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதப்படுவது. விற்க முடியாது. பெங்கெட் மாகாணத்தின் பாகூன் மக்கள் 2002-ல் முதல் பத்திரத்தைப் பெற்றார்கள். ஒரு வேடிக்கை: கரிஞோவின் சொந்த ஊரான பாகியோ நகருக்கு மட்டும் அதன் நகரச் சாசனமே செல்லும் என்று இதே சட்டம் விலக்கு வைத்திருக்கிறது.

சட்டம் பிழைத்ததே அதிர்ஷ்டம். அரசுச் சொத்தைத் தாரைவார்க்கிறது என்று சொல்லி முன்னாள் நீதிபதி ஒருவரே வழக்குப் போட்டார். 2000-ல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 7-க்கு 7 என்று பிளந்தது. மறுபடி வாக்களித்தும் அதே கணக்கு. பெரும்பான்மை கிடைக்காததால் மனு தள்ளுபடியானது. அதாவது, சட்டம் செல்லும் என்று யாரும் அறுதியாகச் சொல்லவில்லை. செல்லாது என்று சொல்ல ஒரு வாக்கு குறைந்தது, அவ்வளவுதான்.

இந்த வழியின் பலவீனமான கண்ணி சம்மதம். சுரங்கமோ அணையோ வந்தால், குழுவிடம் முழு விவரம் சொல்லி, வற்புறுத்தாமல், முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் யார் தலைவர் என்பதிலேயே சண்டை மூள்கிறது. ஒப்புக்கொள்ளும் பிரிவோடு மட்டும் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள் என்ற புகார் ஓயாது. மணிலாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கலிவா அணைக்கு ஒப்புதல் பெற்றாயிற்று என்று அரசு சொல்ல, அந்தச் சம்மதம் எங்களுடையது அல்ல என்று தூமாகட்-ரெமொன்தாதோ மக்கள் 2023 பிப்ரவரியில் தலைநகரம் வரை நடந்தே போனார்கள். பட்டா இருந்தாலும் மண்ணுக்கு அடியில் உள்ள கனிமம் அரசுடையதே.

இனி சுயாட்சி வழி. இதில் கார்டிலேராவைப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் அங்கே ஆயுதமும் இருந்தது, ஒப்பந்தமும் இருந்தது. சர்வாதிகாரியாக இருந்த மூத்த மார்கோஸ் காலத்தில் சிக்கோ ஆற்றில் அணைத் தொடர் கட்ட வந்தபோது, கலிங்கா, பொந்தோக் ஊர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் போதோங் என்ற சமாதான உடன்படிக்கையையே எதிர்ப்புக்கான பிணைப்பாக மாற்றின. தலைவர் மக்லியிங் துலாக் 1980 ஏப்ரலில் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அணை நின்றது. பிறகு கெரில்லாவான பாதிரியார் கொன்ராடோ பால்வெக், 1986 செப்டம்பரில் மவுண்ட் டாட்டா என்ற மலையில் அதிபர் கோரசோன் அக்கினோவோடு சமாதானம் செய்தார். சுயாட்சிக்கான வாக்கெடுப்பு 1990-ல் நடந்தபோது இஃபுகாவோ மாகாணம் மட்டும் சரி என்றது. ஒற்றை மாகாணம் ஒரு பிரதேசம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1998-ல் மறுபடி முயன்றபோது அபாயாவ் மட்டும்.

ஏன் மறுத்தார்கள்? மணிலாவிலிருந்து வரும் பணம் நின்றுவிடுமோ என்ற பயம் ஒன்று. வந்திருப்பது பெயரளவுச் சுயாட்சி என்ற இடதுசாரிகளின் எதிர்ப்பு இன்னொன்று. எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது: கங்கனாய், பொந்தோக், கலிங்கா, இஸ்னெக் என்று ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தன்னைத் தனியாக நினைக்கும் இடத்தில், ஒரே அரசு வந்தால் அதில் யார் கை ஓங்கும் என்ற சந்தேகம். அது அற்பமான சந்தேகம் இல்லை.

தெற்கே ஒரு கை, மோரோக்களின் கை, ஓங்கியே இருந்தது. அரை நூற்றாண்டுப் போரில் வழக்கமாகச் சொல்லப்படும் சாவுக் கணக்கு 1,20,000. மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியோடு 2014-ல் முழு ஒப்பந்தம், 2018-ல் சட்டம், 2019-ல் வாக்கெடுப்பு. பங்சமோரோ பிரதேசம் உருவானது. தனி நாடாளுமன்றம், ஷரியா நீதிமன்றங்கள், தேசிய உள்நாட்டு வரி வருவாயில் 5 சதவீதம் ஒட்டுமொத்த மானியம். பட்டா வழியில் எந்தக் குழுவும் கனவிலும் காணாத அதிகாரம் இது. இதை எளிதாகப் பேசிவிட முடியாது. பெரும்போர் ஓய்ந்ததே பெரிய விஷயம்.

ஆனால் இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது? 2008-ல் முன்னோர் நிலம் என்ற சொல்லையே தலைப்பாக வைத்து அரசும் முன்னணியும் ஓர் உடன்பாடு எழுதின. கோலாலம்பூரில் கையெழுத்தாவதற்கு முந்தைய நாள் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பிறகு 8-க்கு 7 என்று ரத்து செய்தது. பூர்வகுடிகள் சட்டத்தில் நிலத்தை வரையறுக்க ஒரு நடைமுறை இருக்க, அதைத் தாண்டி, அங்கே வாழ்பவர்களைக் கேட்காமல் மேசையில் கோடு போடக் கூடாது என்பதும் காரணங்களில் ஒன்று.

தெடுராய் மக்களின் மரபுக்கதையில் மாமாலு, தபுனாவே என்று இரண்டு சகோதரர்கள். தம்பி தபுனாவே இஸ்லாத்தை ஏற்றுச் சமவெளியில் தங்கினான். அண்ணன் மாமாலு பழைய வழியோடு மலையேறினான். பிரியும்போது ஒருவர் எல்லையை ஒருவர் மதிப்பதாக வாக்கு. அந்த மலைப்பகுதியில் தெடுராய், லம்பாங்கியன் குழுக்கள் கோருவது 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல். பங்சமோரோவை உருவாக்கிய 2018 சட்டம், முன்னோர் நிலத்துக்கு அவர்களுடைய சொந்தச் சொல்லான ஃபுசாகா இங்கெத் என்பதையே பயன்படுத்தி நில உரிமையை ஏற்கிறது. நாடாளுமன்றத்தின் 80 இடங்களில் மோரோ அல்லாத பூர்வகுடிகளுக்கு 2 ஒதுக்கியிருக்கிறது. அப்புறம் 2019-ல் அதே பிரதேசத்தின் இடைக்கால நாடாளுமன்றமே, இவர்களுடைய நில மனுவைப் பரிசீலிப்பதை நிறுத்தும்படி தேசிய ஆணையத்தைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நிலம் எங்கள் அதிகார எல்லைக்குள் வருவது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பது வாதம்.

என் கணக்கில், சிறிய குழுவுக்குப் பட்டாதான் முதலில் வேண்டும். சுயாட்சி அதற்குப் பின்னால் வரட்டும். சுயாட்சி யார் ஆள்வது என்பதைத் தீர்க்கிறது. ஆள்பவர் மாறும்போது நிலம் யாருடையது என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும். சமாதானப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே அந்த மலை அளக்கப்பட்டிருந்தால், 2019 தீர்மானத்துக்கு நிறுத்தச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. இதற்கு ஒரு நல்ல பதிலும் உண்டு: போர் நடக்கும் மலையில் யார் அளக்கப் போவது? பங்சமோரோவில் தெற்கு உபி என்ற ஊர்ப் பக்கம் ஒப்பந்தத்துக்குப் பிறகும் தெடுராய் ஊர்கள் துப்பாக்கிச் சத்தத்தில் காலியாகின்றன, தலைவர்கள் கொல்லப்படுகிறார்கள். நில அளவைக்காரர் அங்கே போக வேண்டும் என்றால் இன்றும் யாரிடமாவது கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.