காசு கட்டி ஓப்பல் தோண்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆஸ்திரேலியாவின் கூபர் பெடி பக்கம் ஓப்பல் என்கிற, வானவில் நிறம் காட்டும் ரத்தினக் கல்லைப் பொறுக்கப் போகிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். “நீங்களே தோண்டலாம், கிடைப்பதெல்லாம் உங்களுக்கே” என்று தலைக்கு இவ்வளவு என வாங்கிக்கொண்டு மண்குவியலில் இறக்கிவிடும் ஆட்களிடம் பணத்தைக் கொடுக்கும் முன் நன்றாக விசாரியுங்கள். நாங்கள் போன இடத்தில் குவியலிலிருந்து எடுத்த கல் அந்த மண்ணில் விளைந்ததே இல்லை. எத்தியோப்பியாவிலிருந்து வந்த கல்லை மண்ணில் தூவி, எங்களையே பொறுக்கவைத்து, மெருகு போட்டுத் தருவதாகச் சொல்லி அதற்கும் தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூபர் பெடி அடிலெய்டுக்கு வடக்கே ஏறக்குறைய 850 கிலோமீட்டர். 1915இல் அங்கே ஓப்பல் கிடைத்தது. சுரங்கக்காரர்கள் வெளியே கொட்டிய மண்ணைக் கிளறி, அவர்கள் கண்ணுக்குத் தப்பியதைப் பொறுக்குவதற்கு அந்த ஊரில் நூட்லிங் என்று பெயர். நூட்லிங்கில் கையில் சிக்குவதில் பெரும்பகுதி பாட்ச். அதுவும் ஓப்பல்தான், ஆனால் நிறம் காட்டாது. சாம்பலும் வெள்ளையுமாக மந்தமாகக் கிடக்கும். ஓப்பலுக்குள் இருப்பவை கண்ணுக்கே தெரியாத சிலிக்கா உருண்டைகள். அவை ஒரே அளவில், ஒழுங்காக அடுக்கியிருந்தால்தான் வானவில் நிறம் வரும். தாறுமாறாக இருந்தால் பாட்ச். அதனால் வாளி வாளியாகப் பாட்ச், எங்கோ ஒரு கீற்று நிறம், நடுநடுவே வெயிலில் மினுக்கி ஏமாற்றும் ஜிப்சத் துண்டுகள். நூட்லிங் என்றால் இவ்வளவுதான்.

நாங்கள் போன குவியலில் பாட்சே இல்லை. கிளறிய இடத்தில் எல்லாம் நிறக்கல், அதுவும் ஒரு சாண் ஆழத்துக்குள். ஒன்றிலாவது அந்த ஊர் மணற்பாறை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமே, அதுவும் இல்லை. நடத்துகிறவரிடம் கேட்டேன். “இது பழைய குவியல், அந்தக் காலத்தில் பெரிய கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டார்கள்” என்றார். சரி, பெரியதை எடுத்தார்கள். பாட்சை எல்லாம் யார் எடுத்துப்போனது? அதற்குள் பிள்ளைகள் இன்னொரு கல் கிடைத்துவிட்டதென்று கூச்சல் போட, பேச்சு அதோடு நின்றுபோனது.

கடையில் வாங்குகிற கல்லென்றால் நூறு கேள்வி கேட்போம். நம் கையால் மண்ணிலிருந்து எடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்? இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. நுழைய ஆளுக்கு 40 டாலர். வெளியே வரும்போது மேசையில் மெருகுச் சக்கரத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார், கல்லுக்கு 45 டாலர். கூடவே “கூபர் பெடி ஓப்பல்” என்று அச்சடித்த ஒரு அட்டை.

குட்டு வெளிப்பட்டது மகளால். கடைகளில் ஓப்பலைக் கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருந்தாள். இன்னும் பளிச்சென்று தெரியும் என்று தன் கல்லையும் டம்ளரில் போட்டுவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் நிறம் போய், கல் வெறும் கண்ணாடித் துண்டுபோல் கிடந்தது. தான்தான் கெடுத்துவிட்டதாக ஒரே அழுகை. வெளியே எடுத்து வைத்தோம். நாலைந்து நாளில் காய்ந்து, நிறம் பழையபடி வந்துவிட்டது.

எனக்கு உறைத்தது அப்போதுதான். கூபர் பெடியில் விளைகிற வழக்கமான ஓப்பல் தண்ணீரைக் குடிக்காது. ராத்திரி முழுக்க ஊறினாலும் அப்படியேதான் இருக்கும். எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியில் 2008 வாக்கில் கிடைக்கத் தொடங்கிய ஓப்பல் எரிமலைப் பாறையில் உருவானது, பெரும்பாலும் நுண்துளைகள் உள்ளது. தண்ணீரை உறிஞ்சினால் நிறம் மங்கி, ஊடுருவிப் பார்க்கலாம்போல் ஆகிவிடும். மீதிக் கற்களையும் சோதித்தேன். நன்றாகக் காய்ந்த கல்லின் நுனியை நாக்கில் வைத்தால் பிடித்துக்கொண்டது. காய்ந்தபோது 2.10 கிராம் இருந்த கல் ஊறியதும் 2.28 காட்டியது. இங்கே கல் வெட்டுகிற மன்றத்தில் ஒரு பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, “வொல்லோதான் தம்பி, தேன்கூடு மாதிரிக் கட்டம் தெரியுது பாரு” என்று மகளுடைய கல்லைக் காட்டினார்.

இந்தச் சோதனையைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நாக்கில் ஒட்டாததெல்லாம் ஆஸ்திரேலியக் கல் ஆகிவிடாது. வொல்லோவிலும் உறிஞ்சாத கல் உண்டு. ஆண்டமூக்காவில் கிடைக்கும் மேட்ரிக்ஸ் ஓப்பல் ஆஸ்திரேலியாவுடையதுதான், ஆனால் அது உறிஞ்சும். அது பாறையோடு கலந்து ஒளி ஊடுருவாமல் இருப்பதால் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இன்னொன்று, மோதிரத்தில் பதித்த கல்லைத் தண்ணீரில் போட்டுச் சோதிக்காதீர்கள். அது டிரிப்லெட்டாக இருந்தால், அதாவது மெல்லிய ஓப்பல் சீவலைக் கறுப்புத் தட்டுக்கும் கண்ணாடி மூடிக்கும் நடுவே பசை வைத்து ஒட்டியதாக இருந்தால், தண்ணீர் புகுந்து பூஞ்சையடித்ததுபோல் மங்கிவிடும். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த பதக்கங்களிலும் பக்கவாட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒட்டு தெரிந்தது. சீட்டில் எழுதியிருந்தது வெறும் “ஓப்பல்”.

வொல்லோ கல்லைக் குறை சொல்லவில்லை. அது நிஜமான ஓப்பல், அழகும் உண்டு. ஆனால் சிறு துண்டுகளை மொத்தமாக எடுத்தால் மிக மலிவு. அந்த விலைக் கல்லை இந்த ஊர் மண்ணில் போட்டு, இந்த ஊர்ப் பெயரில் அட்டை கொடுத்தது மோசடி அல்லாமல் வேறென்ன?

போன் பண்ணிக் கேட்டால், “நீங்கள் கண்டெடுத்தது உங்கள் கல், அது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் சொல்லவில்லையே” என்கிறார்கள். அட்டையைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பிய பிறகு பேச்சு மாறியது. நுகர்வோர் புகாரும் கொடுத்தேன். மெருகுக் காசு திரும்பி வந்தது. நுழைவுக் கட்டணம் “அனுபவத்துக்கான கட்டணம்” என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அதனால் ரசீது, அட்டை, விளம்பரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

சிறு பிள்ளைகளுக்காகக் கல்லைத் தூவித்தான் வைத்திருக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களிடம் போவதில் தப்பில்லை. பணம் கட்டும் முன் நேராகக் கேளுங்கள்: இந்த மண் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது, வெளிக்கல் எதையும் இதில் சேர்த்திருக்கிறீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். ஊருக்குள்ளேயே ஜுவல்லர்ஸ் ஷாப் என்கிற பொது நூட்லிங் இடம் இருக்கிறது, காசு கிடையாது. கிடைப்பது பாட்சாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஊர்ப் பாட்ச். மற்ற குவியல்களில் சுரங்க உரிமையாளர் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். ஊரைச் சுற்றி மூடாத குழிகள் ஏராளம். படம் எடுக்கிறேன் என்று பின்னால் நகரக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.