கோல்டன் சீட்டாவுக்குள்ள பைத்தான்: டெல்டா சைக்கிள்காரங்களுக்காக ஒரு ரிவ்யூ

கோல்டன் சீட்டா தெரியாதவங்களுக்கு முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். சைக்கிள், ஓட்டம், ட்ரையத்லான் டேட்டாவை அலசுற டெஸ்க்டாப் சாஃப்ட்வேர், விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும், ஓப்பன் சோர்ஸ், பைசா செலவு கிடையாது. வாட்ச்ல இருந்தோ சைக்கிள் கம்ப்யூட்டர்ல இருந்தோ ஃபிட் ஃபைலை எடுத்துப் போட்டா நம்ம கம்ப்யூட்டர்லயே சேமிச்சுக்கும். உள்ள சார்ட்டுக்குப் பஞ்சமே இல்ல, அதைப் பத்தி எழுத ஆளும் நிறைய இருக்காங்க. நான் சொல்ல வந்தது 3.5 வெர்ஷன்ல சேர்த்த பைத்தான் பத்தி, அதாவது பைத்தான்ங்கிற ப்ரோகிராமிங் மொழியில நாமளே ஸ்கிரிப்ட் எழுதி நம்ம சார்ட்டைப் போட்டுக்கிற வசதி. என்னைக் கேட்டா அந்த சாஃப்ட்வேர்ல இருக்கிறதுலயே பெரிய விஷயம் அதுதான்.

ஏன்னா ரெடிமேட் சார்ட் எதுவும் நம்ம ஊரு கேள்விக்குப் பதில் சொல்லாது. நமக்கு மலை எங்க இருக்கு? தஞ்சாவூர்ல இருந்து நாகப்பட்டினம் சுமார் 80 கிலோமீட்டர், மொத்த இறக்கமே அம்பது மீட்டர் பக்கம்தான், மேடுன்னு சொன்னா ரயில்வே மேம்பாலத்தைத்தான் சொல்லணும். ஆனா காத்து இருக்கே! பாலக்காட்டுக் கணவாய் வழியா நுழைஞ்சு வர்ற தென்மேற்குக் காத்து ஆனி ஆடியில திருச்சி தஞ்சாவூர்னு அடிச்சு நொறுக்கும், ரோடுங்க எல்லாம் ஆத்துப் போக்குலயே கிழக்கு மேற்கா கிடக்கு, அதனால கல்லணையில இருந்து திருவையாறு வழியா கும்பகோணம் போறப்ப முதுகுல தள்ளிவிடுற அதே காத்து திரும்பி வர்றப்ப நெஞ்சுல வந்து மோதும். இந்த ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஆவரேஜ் ஸ்பீடு 24ன்னு காட்டினா அதை வெச்சு என்ன பண்றது, நாம பயிற்சி கொடுக்கிற பையன் போன வாரத்தை விட தேறியிருக்கானா இல்ல காத்து கம்மியா இருந்துச்சான்னு யாரு சொல்றது? மிதிக்கிற சக்தியை வாட்ஸ்ல அளக்கிற பவர் மீட்டர் இருந்தா கவலை இல்ல, வாட்ஸைப் பார்த்துக்கலாம், ஆனா இங்க ஓட்டுற பசங்கள்ல பெரும்பாலானவங்ககிட்ட இருக்கிறது ஒரு ஹார்ட் ரேட் பெல்ட்டும் போனும்தான், பவர் மீட்டர் விலைக்கு இன்னொரு சைக்கிளே வாங்கிடலாம்.

இங்கதான் பைத்தான் சார்ட் கை கொடுக்குது. ஸ்கிரிப்ட் எழுதுற பெட்டிக்குள்ள ஜிசின்னு (GC) ஒரு ஆப்ஜெக்ட் ரெடியா இருக்கும், அதுகிட்ட கேட்டா அப்ப திறந்திருக்கிற ரைடோட செகண்ட், வேகம், ஹார்ட் ரேட், லேட்டிட்யூட், லாங்கிட்யூட் எல்லாத்தையும் தரும், அதை நம்பைங்கிற (NumPy) கணக்கு லைப்ரரிக்குள்ள போட்டுட்டா மீதி வெறும் கணக்குதான். அடுத்தடுத்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல எந்தத் திசையில போறோம்னு ஆர்க்டேன் வெச்சு கண்டுபிடிச்சு, 45ல இருந்து 135 டிகிரிக்குள்ள இருந்தா கிழக்கு, 225ல இருந்து 315 வரைக்கும் மேற்குன்னு பிரிச்சு, ரெண்டுக்கும் தனித்தனியா வேகமும் ஹார்ட் ரேட்டும் பார்த்தாப் போதும். நாம இருக்கிறது 11 டிகிரி அட்சரேகைகிட்ட, அங்க காஸ் மதிப்பு 0.98, அதனால பூமி உருண்டைக்கான பெரிய ஃபார்முலா கூட தேவையில்ல, நேரா கழிச்சாலே திசை சரியா வந்துடும். மேற்கு பார்த்து அதே ஹார்ட் ரேட்ல எவ்வளவு வேகம் பிடிக்கிறான்னு வாரா வாரம் பார்க்கிறப்பதான் ஒரு ரைடர் உண்மையிலயே தேறுறாரா இல்லையான்னு தெரியுது. ஒரே மாதிரி காத்தடிச்ச வாரங்களை எதிரெதிரா வெச்சுதான் பார்க்கணும், அது முக்கியம்.

அதே மாதிரி இன்னொண்ணு, ரைடை ரெண்டு பாதியா வெட்டி வேகத்துக்கும் ஹார்ட் ரேட்டுக்கும் உள்ள விகிதம் எவ்வளவு சரியுதுன்னு பார்க்கிறது. 5 சதவீதத்துக்குள்ள இருந்தா பரவாயில்லன்னு கோச்சுங்க பொதுவா சொல்வாங்க. சித்திரை வைகாசி புழுக்கத்துல நாகை, வேதாரண்யம் பக்கம் காலையில எட்டு மணிக்கு மேல ஓட்டினா அது எங்கயோ போகும், அதை உடம்பு சரியில்லன்னு எடுத்துக்காம வெயில் கணக்குல எழுதணும்னு நமக்குத் தெரியும், சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அந்த எல்லையை நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி நாமளே மாத்தி எழுதிக்கலாங்கிறதுதான் எனக்குப் பெருசாப் படுது.

ரைடை சிஎஸ்வி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி ஜூப்பிட்டர்ங்கிற (Jupyter) தனி பைத்தான் நோட்புக்ல போட்டாலும் இதெல்லாம் வருமேன்னு கேட்பீங்க, வரும். ஆனா நடைமுறையில யாரும் ஒவ்வொரு ரைடுக்கும் அதைச் செய்ய மாட்டாங்க. இதுல சார்ட்டை ஒரு தடவை எழுதி வெச்சுட்டா இடது பக்க லிஸ்ட்ல எந்த ரைடைத் தொட்டாலும் அதுக்குத் தகுந்த மாதிரி மறுபடி ஓடும், நம்ம சார்ட்டும் கோல்டன் சீட்டாவோட சார்ட் மாதிரியே பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கும். பையன் பக்கத்துல நிக்கிறப்பவே காட்டிப் பேசலாம். சீசன் முழுசுக்குமான டேட்டாவையும் கேட்டு வாங்கலாம். படம் வரையறதுக்கு கோல்டன் சீட்டாவோட சொந்த சார்ட்டையும் பயன்படுத்தலாம், ப்ளாட்லிங்கிற (Plotly) படம் வரையற லைப்ரரியில செஞ்சு வெப் பேஜா காட்டவும் செய்யலாம். எனக்கு முதல் வழிதான் பிடிச்சிருக்கு, பழைய லேப்டாப்லயும் சட்டுனு வருது.

இனி கஷ்டமான பக்கம். சாஃப்ட்வேரை எந்த வெர்ஷன் பைத்தானை வெச்சு பில்ட் பண்ணாங்களோ உங்க பேக்கேஜும் அதுக்கே பொருந்தணும். 3.7க்குக் கட்டின நம்பை 3.11ல ஏறாது, அது கோல்டன் சீட்டாவோட குறை இல்ல, சி மொழியில எழுதி பைத்தானோட சேர்க்கிற சி எக்ஸ்டென்ஷன் வேலை செய்யிற விதமே அப்படித்தான், இருந்தாலும் புதுசா வர்றவங்க இந்த இடத்துலதான் விட்டுட்டு ஓடுறாங்க. செட்டிங்க்ஸ்ல பைத்தான் எங்க இருக்குன்னு வழி காட்டுற இடம் இருக்கு, அதைச் சரியாப் பார்த்துக்கணும். பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டுற இன்டர்ப்ரெட்டர் தனி ப்ராசஸா ஓடாம அப்ளிகேஷனுக்குள்ளயே ஓடுறதால ஏதாவது ஒரு லைப்ரரி உள்ளுக்குள்ள க்ராஷ் ஆனா மொத்த சாஃப்ட்வேரும் சேர்ந்து விழும். வேகமா டேட்டா கிடைக்கிறதுக்கு இதுதான் விலை, இந்த மாதிரி எம்பெட் பண்ற எல்லா இடத்துலயும் உள்ளதுதான்.

இன்னொண்ணு, இதை நல்லா கவனிங்க. அடுத்தவங்க எழுதின சார்ட்டை இறக்கி ஓட்டினா அந்த பைத்தானுக்கு உங்க கம்ப்யூட்டர்ல நீங்க என்னெல்லாம் செய்யலாமோ அத்தனையும் செய்ய முடியும், தடுக்கிற வேலி எதுவும் கிடையாது. அந்த ஸ்கிரிப்டை ஒரு தடவை படிச்சுட்டு ஓட்டுங்க, படிக்கத் தெரியலைன்னா தெரிஞ்ச தம்பிகிட்ட காட்டுங்க.

எல்லாத்துக்கும் ஸ்கிரிப்ட் எழுதவும் கிளம்பிடாதீங்க. சமதரையில ஓட்டிட்டு வந்தாலும் ஜிபிஎஸ் ஆட்டத்துல நூத்துக்கணக்கான மீட்டர் ஏறினதா காட்டுதேன்னு நம்ம பக்கத்துல எல்லாரும் கேட்பாங்க, அதுக்கு பைத்தான் வேண்டாம், செட்டிங்க்ஸ்லயே எலிவேஷன் ஹிஸ்டெரிசிஸ்னு ஒண்ணு இருக்கு, அதைக் கூட்டிப் பாருங்க, சின்னச் சின்ன ஏத்த இறக்கத்தை விட்டுடும்.

பைத்தான் சுத்தமா தெரியாதவங்க இதுக்காகவே கத்துக்கணுமான்னா, ஒருத்தருக்கு மட்டும் பார்க்கிறதா இருந்தா வேண்டாம், உள்ள இருக்கிற சார்ட்டே தாராளம். நாலஞ்சு பசங்களைச் சேர்த்து வெச்சுப் பயிற்சி கொடுக்கிறவரா இருந்தா கண்டிப்பா கத்துக்கோங்க அண்ணே, அரேயும் ஃபார் லூப்பும் தெரிஞ்சா ஆரம்பிச்சுடலாம். முதல்ல ஹார்ட் ரேட்டை மட்டும் வரையற சின்ன ஸ்கிரிப்ட் ஒண்ணை எழுதி ஓட்டிப் பாருங்க, அப்புறம் திசைக் கணக்கு.