முதலில் எந்த டிராகன்?

நாலு வயது மகளுக்கு டிராகனை அறிமுகப்படுத்த எனக்கு மூன்று வழிகள் இருந்தன: மேலைநாட்டுப் படக்கதை, நாங்கள் வசிக்கும் சிங்கப்பூரின் சீன டிராகன், ஊருக்குப் போனால் கோயில் யாளி. மூன்றையும் காட்டிப் பார்த்துவிட்டேன்.

படக்கதை டிராகன் சுலபமாகக் கிடைக்கும், எந்த நூலகத்திலும் இருக்கும். ஆனால் பழைய கதைகளில் அது பெரும்பாலும் சாவதற்கென்றே வருகிறது. டிராகனை ஈட்டியால் குத்திக் கொல்லும் வீரர் புனித ஜார்ஜின் கதையைப் படம் காட்டிச் சொன்னேன். ஈட்டி பாய்ந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "அதோட அம்மா எங்கப்பா?" என்றாள். அடுத்த பக்கத்தைத் திருப்பவே விடவில்லை. பள்ளிக்கூட வயது வந்தபின் இந்தக் கதை நன்றாகப் பிடிக்கும். அதற்குமுன் வேண்டாம் என்பேன்.

சீன டிராகனின் சங்கதியே வேறு. சிறகு கிடையாது, மான் கொம்பும் மீன் செதிலும் உண்டு, மழையும் ஆறும் அதன் பொறுப்பு. பயமுறுத்தும் பிராணி அல்ல, மங்கலமானது. புத்தாண்டு டிராகன் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனால் முரசுச் சத்தத்தில் பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். அதைவிட தோ பாயோவில் இருக்கும் டிராகன் விளையாட்டு இடம் மேல். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்காக கோர் இயன் கீ 1979இல் வடிவமைத்தது. ஓடு பதித்த பெரிய ஆரஞ்சுத் தலை, வளைந்து போகும் இரும்பு உடல், கீழே மணல். தலைக்குள் ஏறிச் சறுக்கி இறங்கிய பிள்ளைக்கு அந்த மிருகத்திடம் என்ன பயம்?

யாளி டிராகன் இனமல்ல. சிங்க உடல், சிலவற்றுக்கு யானைத் துதிக்கை. சங்கப் பாடல்களில் ஆளி என்ற பெயரில் யானையையே வேட்டையாடுகிறது. குறை என்னவென்றால், மடியில் வைத்துச் சொல்ல அதற்கென்று கதை அதிகமில்லை. நாம்தான் கட்டிச் சொல்ல வேண்டும். மண்டபத் தூண்களில் உயரத்தில் நிற்பதால் சின்னப் பிள்ளைகளுக்குக் கால் மட்டுமே தெரியும், தூக்கிக் காட்டுங்கள். மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பம் புலிக்குகையில் வாசலைச் சுற்றி யாளித் தலைகளாகவே இருப்பதால் அங்கே தொடங்குவது நல்லது.

என் வரிசை இதுதான்: ஏறி விளையாட சீன டிராகன், அடுத்து யாளி, ஈட்டிக் கதை கடைசியில்.

சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும். விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. "யாருப்பா உள்ள போட்டாங்க?" என்று கேட்டாள். யாரும் போடவில்லை, அதே கல்லைக் குடைந்து உள்ளேயே செதுக்கியிருக்கிறார்கள் என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை உருட்டினாள்.