வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பார்ட் டைம் வேலை: படிக்கிறவர்களுக்கு ஒத்துவருமா?

கடை பெயரை இங்கே போடவில்லை. இருப்பதே நாலு பேருக்கான வேலை, பெயர் வெளியே போனால் போன் ஓயாது என்று கடை அண்ணன் சொல்லிவிட்டார். ஆனால் வேலூரில் இடா ஸ்கடர் ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இந்த மாதிரிக் கடைகள் நிறைய உண்டு, சேர்வதற்கு முன்னால் எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காவது இது உதவும்.

நான் பி.காம் படிக்கிறேன். காலேஜ் விட்டதும் சாயங்காலம் மூன்று மணி நேரம் வேலை, மணிக்கு 60 ரூபாய். பெரிய சம்பளம் இல்லை. இருந்தும் ஐந்துக்கு நாலரை ஸ்டார் கொடுக்கிறேன், அதற்குக் காரணம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஒரு நோட்டு. அடுத்த வாரம் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வர முடியும் என்று சனிக்கிழமை ராத்திரி அவரவரே அதில் எழுதிவிட வேண்டும், நடுவில் டெஸ்ட் வைத்துவிட்டால் நமக்குள்ளேயே பேசி ஒருவர் பெயரை அடித்து இன்னொருவர் பெயரை எழுதினால் போதும், அண்ணன் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. செமஸ்டர் நெருங்கினால் அவரே “எக்ஸாம் என்னைக்கும்மா, டைம்டேபிளைக் காட்டு” என்று வாங்கி ஒரு காப்பி எடுத்து சுவரில் ஒட்டிவிடுகிறார்.

இதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் இருந்தேன். உங்கள் வசதிப்படி வாங்க என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள், தீபாவளி வந்ததும் காலேஜுக்கு லீவு போடச் சொன்னார்கள். உட்காரவும் விடவில்லை. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது, அது தெரியாத பிள்ளைகள்தான் கால் வீங்க நிற்கிறார்கள். இங்கே ஆளுக்கொரு ஸ்டூல் இருக்கிறது.

வேலை சும்மா பட்டன் அமுக்குவது இல்லை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், பிளாஸ்டிக் கவரில் மொத்த ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து நீட்டுவார்கள். பின்னை நகத்தால் நெம்பி எடுத்து, பக்க வரிசை மாறாமல் காப்பி போட்டு, பழைய ஓட்டையிலேயே பின்னைத் திரும்பப் போட வேண்டும். ஒரு தாள் இடம் மாறினாலும் நாளைக்கு டாக்டர் முன்னால் தவிக்கப்போவது அவர்கள்தான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், அதனால் பாஸ்போர்ட், விசா காப்பிக்கு ராத்திரி கடை அடைக்கும் நேரத்திலும் ஓடி வருவார்கள். அவர்களோடு பேசிப் பேசியே எனக்கு இந்தி வந்துவிட்டது, கொஞ்சம் பெங்காலியும் புரிகிறது. வேறு எந்த பார்ட் டைம் வேலையிலும் இது கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி, சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021லிருந்து நமக்குக் கட்டணம் இல்லை என்பதால் பாகாயத்திலிருந்து வந்தாலும் காட்பாடியிலிருந்து வந்தாலும் சம்பளம் பஸ்ஸுக்குப் போகாது. அவசரத்தில் தனியார் பஸ்ஸில் ஏறினால் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

அரை ஸ்டார் குறைத்தது ஏன் என்றால், சம்பளம் ஐந்தாம் தேதி என்று பேச்சு, சில மாதம் பத்து ஆகிவிடுகிறது. அப்புறம் கத்திரி வெயிலில் மெஷின் சூடும் சேர்ந்து, ஒரே ஒரு ஃபேனை வைத்துக்கொண்டு படும் பாடு. இன்னொரு ஃபேன் போடுங்கண்ணா என்று கேட்டிருக்கிறோம்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பவே நம்பாதீர்கள். வேலை கொடுப்பவர் நம்மிடம் எதற்குக் காசு கேட்க வேண்டும்?

கடைசி வருஷம் படிக்கும் அக்காக்கள் பரீட்சை முடித்துக் கிளம்பும் ஏப்ரல், மே மாதத்தில்தான் இந்தக் கடைகளில் இடம் காலியாகும். மத்தியானம் கூட்டம் குறைவாக இருக்கும்போது டைம்டேபிளோடு நேரில் போய்க் கேளுங்கள். பரீட்சை நாட்களில் லீவு உண்டா, சம்பளம் எந்தத் தேதி, இந்த இரண்டையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.