தூவி விரியும் வர்ணம்: படிகத் தூளா, ஓலைச் சாயமா, வீட்டு மஞ்சளா?

பொங்கல் வாழ்த்து மட்டை, புத்தக அடையாளத் தாள், அன்பளிப்புப் பெட்டி என்று தாளில் கைவேலை செய்வோர் பலர், தூரிகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வர்ணத் தூளை ஈரத் தாளின் மேல் தூவி அது தானாக விரிவதைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இதற்கு மூன்று வழிகள் கைக்கு எட்டும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தரும் ‘புருஷோ’ போன்ற படிகத் தூள் ஒன்று. பனையோலைக் கைப்பணிக்காரர் ஓலையை அவித்து நிறமேற்றப் பயன்படுத்தும் சாயத்தூள் மற்றொன்று. வீட்டில் எப்போதும் இருக்கும் மஞ்சள், குங்குமம், சலவை நீலம் ஆகியவை மூன்றாவது. கடந்த மாரியில் தொடங்கிச் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று முடியும்வரை இவற்றைப் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பரிசோதித்தேன்.

இங்கிலாந்தின் ஷெபீல்டில் தயாராகும் புருஷோ 15 கிராம் சிறு குப்பிகளில் வருகிறது. மூடியைத் திறக்காமல், குண்டூசியால் ஒரு துளை இட்டு, உப்புத் தூவுவதுபோல் தட்டுவதே அதைப் பயன்படுத்தும் முறை. மூடியைத் திறந்து கரண்டியால் எடுத்தால் ஒரே ஒரு மட்டைக்குத் தேவையானதைப்போல் பத்து மடங்கு கொட்டிவிடும். ஊதா நிறப் படிகங்கள் சிலவற்றை நனைந்த தாளில் விழவிட்டு, முகத்தைத் தாளுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். முதலில் ஒரு கரும்புள்ளி; அடுத்த நொடியில் அதைச் சுற்றி இளஞ்சிவப்பு ஒரு வட்டமாக ஓடுகிறது; நீலம் பின்தங்கி நடுவிலேயே நிற்கிறது. பல நிறங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சாயங்கள் கலந்திருக்க, ஒவ்வொன்றும் நீரோடு வெவ்வேறு வேகத்தில் தாளில் நகர்வதால் இந்தப் பிரிவு உண்டாகிறது. குழாயில் வரும் நீர்வர்ணத்தால் இதைச் செய்ய முடியாது. மற்ற இரண்டு தூள்களாலும் இந்த அளவுக்கு முடியாது. விரியும் அழகு ஒன்றே வேண்டுமென்றால் படிகத் தூளுக்கு நிகரில்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஓலைச் சாயத்தூள் விலை குறைவு, வீரியம் மிக அதிகம். கடுகளவு தூள் ஒரு தேநீர்க் கோப்பை நீரைக் கரும்பச்சையாக்கிவிடும். ஆனால் அது மாவைப்போல் நுண்ணியது. படிகமாகப் புள்ளி புள்ளியாக விழாமல் திட்டாக விழுகிறது. அதனால் தூவுவதைவிட, நீரில் கரைத்துத் தெளிப்பானால் தெளிப்பதற்கே பொருத்தம். பட்டம் கட்டும் மெல்லிய ரிஷூத் தாளை மடித்து, அதன் முனைகளை இந்தக் கரைசலில் தோய்த்து விரித்தால் கிடைக்கும் பூக்கோலம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குறை உண்டு: உலர்ந்த பின்னும் ஈரம் பட்டால் மீண்டும் கரையும். இந்தச் சாயத்தில் செய்த அடையாளத் தாள் ஒன்றை மாரிக்காலத்தில் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். எதிர்ப்பக்கம் முழுவதும் பச்சை ஊறிவிட்டது. படிகத் தூளுக்கும் இதே குணம் உண்டு. ஆகவே இரண்டின் மேலும் நீரில் கரைத்த பசையைப் பூசக்கூடாது. ஒட்டும் இடத்தில் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவே நல்லது.

வீட்டுத் தூள்களைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவற்றைப் பலர் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மஞ்சளின் நிறப்பொருள் நீரில் சரியாகக் கரைவதில்லை. தாளில் துகள்களாகவே தங்கி, உலர்ந்ததும் உதிர்கிறது. ஆனால் அதன் மேல் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு கண்முன்னே செம்மண் நிறமாகச் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமத்தில் தேசிக்காய்ப் புளி ஒரு துளி விட்டால் அந்த இடம் மறுபடி மஞ்சளாகும். மாறாவிட்டால் அது செயற்கைச் சாயம் கலந்த குங்குமம். மஞ்சளுக்கு உள்ள பெரிய பகை வெயில். யன்னலோரம் வைத்த என் மட்டை சில நாட்களிலேயே வெளிறி, கோட்டின் தடம் மட்டும் மிஞ்சியது.

நீலத்தின் கதை வேறு. பழைய தூள் நீலத்தில் இருப்பது அல்ட்ராமரின் என்னும் நிறமி. அது சாயமன்று, நீரில் கரையாது, மிதந்து பின் அடியில் படியும். வெயிலுக்கு அசையாது, சுண்ணாம்புக்கும் அசையாது. ஆனால் தேசிக்காய்ப் புளி பட்டால் நிறம் இழக்கும். எனவே புளி விளையாட்டையும் நீலத்தையும் ஒரே மட்டையில் வைக்க வேண்டாம். சில நீலத்தூள்களில் சோடா கலந்திருக்கும். அதை மஞ்சளோடு குழைத்தால் எதிர்பார்த்த பச்சை வராமல் பழுப்பு வரும். இப்போது போத்தலில் வரும் திரவ நீலம் பெரும்பாலும் சாயம். அதற்கு இந்த உறுதி கிடையாது.

மூன்றுக்கும் பொதுவான இரண்டு விடயங்கள் நம் ஊருக்கே உரியவை. நமது கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவதால், கடும் நிறங்கள் உலர்ந்த பின் மேலே வெண்படலம் தெரிகிறது. மழைநீரை அல்லது கொதிக்கவைத்து ஆறவிட்டு வடித்த நீரைப் பயன்படுத்தினால் அது குறைகிறது. சோளகம் வீசும் மாதங்களில் விறாந்தையில் தூளைத் திறக்கவே கூடாது. காற்றில் பறப்பது வீண்செலவு மட்டுமன்று, சாயத்தூளைச் சுவாசிப்பது நல்லதுமன்று; முகக்கவசம் அணிந்து, சமையலுக்குத் திரும்பாத தனிக் கரண்டியையும் கோப்பையையும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

மட்டையைப் பொறுத்தவரை, பாடசாலைப் பிறிஸ்டல் மட்டையில் நீர் மேலேயே தேங்கிக் குளமாகிறது. சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த நீர்வர்ணத் தாளில்தான் படிகத் தூள் தன் முழு வேலையைக் காட்டும். அந்தத் தூளின் விலைக்கு, மலிவான மட்டையில் அதைத் தூவுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

ஆகவே என் தெரிவு, மட்டை எங்கே போய்ச் சேரும் என்பதைப் பொறுத்தது. உறைக்குள் இருந்து ஒருமுறை திறந்து பார்த்து அலுமாரியில் வைக்கும் வாழ்த்துக்குப் படிகத் தூள். பிள்ளைகளோடு ஒரு பின்னேரத்தில் நாற்பது தாள் தோய்ப்பதற்கு ஓலைச் சாயம். சுவரில் தொங்கப்போவதற்குத் தூள் நீலம்: விளாம்பிசின் ஒரு பங்கை இரண்டு பங்கு சுடுநீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, சீலையில் வடித்து, அதில் நீலத்தைக் குழைத்துப் பூசினால் உதிராது. அப்படிப் பூசிய ஒரு மட்டை, மஞ்சள் வெளிறிய அதே யன்னலில், பங்குனி வெயிலையும் சித்திரை வெயிலையும் தாண்டி இன்னும் நிறம் மாறாமல் நிற்கிறது.